ரெண்டே கால் இஞ்சு

ராத்திரி இரண்டு மணிக்கு, 740 அடியில், எங்கள் காட்டில் போட்ட போர்வெல்லில் தண்ணீர் வந்தது. அதுவரை வெள்ளை மாவாகப் பறந்துகொண்டிருந்த கல்தூள் முதலில் ஈரமாகி, பிறகு குழம்பாகி, கடைசியில் சாம்பல் நிறத் தண்ணீராகப் பீச்சியடித்தது. அம்மா கற்பூரம் தேடி வீட்டுக்கு ஓடினார். திருச்செங்கோட்டுப் போர் வண்டியோடு வந்திருந்த மேஸ்திரி அவசரப்படவில்லை. பையன்களை விட்டு மண்ணை அணைத்து ஒரு சின்ன வரப்பு கட்டச் சொன்னார். நடுவில் முக்கோணமாக வாய் வெட்டிய தகரம் ஒன்றைச் செருகினார். கம்ப்ரஸர் தள்ளிய தண்ணீரெல்லாம் வரப்புக்குள் தேங்கி, அந்த முக்கோண வாய் வழியாக வழிந்தது. டார்ச் அடித்து, பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றை நட்டுப் பார்த்துவிட்டு, “ரெண்டே கால் இஞ்சு வருதுங்” என்றார்.

பக்கத்துக் காட்டு மாமா, போர்வையைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தவர், உடனே சொன்னார்: “நம்முளுது மூணு இஞ்சு மாப்ளே. பரவால்ல, ரெண்டே காலும் நல்ல தண்ணிதான்.” நான் புரிந்தவன்போலத் தலையாட்டினேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இஞ்சு என்பது நீளம். தண்ணீர் வருவதை நீளத்தில் எப்படிச் சொல்வார்கள்? மணி இரண்டரை, கல்தூள் முடியெல்லாம் அப்பியிருந்தது, அடிக்கு இத்தனை ரூபாய் என்று 740 அடிக்குப் பணம் எண்ண வேண்டியிருந்தது. கேட்கவில்லை. அதைக் கேட்காமல் விட்டதற்கு அடுத்த மூன்று மாதம் வட்டி கட்டினேன்.

போர் போட்டவர்களுக்குத் தெரியும், துளை போடுவதோடு கதை முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. மோட்டார் கடையில் “நிமிசத்துக்கு எத்தன லிட்டர் வேணுங்க?” என்றார்கள். மோட்டாரின் மேல் ஒட்டியிருந்த அட்டவணையில் விநாடிக்கு லிட்டர் கணக்கு இருந்தது. அடுத்த கம்பெனி மோட்டாரில் மணிக்குக் கனமீட்டர். சொட்டுநீர்க் குழாய் போட வந்த பையனுக்கு எல்லாமே மணிக்கு லிட்டர். டீக்கடைப் பெரியவர் ஒருவர் மட்டும் “மணிக்கு எத்தன காலன் கண்ணு?” என்று ஐம்பது வருடம் பின்னாலிருந்து கேட்டார். நான் கோயமுத்தூரில் கணக்குத் தணிக்கை செய்து பிழைப்பவன். எண்கள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. அலகு மாற்றுவதெல்லாம் ஒரு வேலையா என்று போனைத் திறந்தேன். லிட்டர், கனமீட்டர், கனஅடி, காலன் எல்லாம் வரிசையாக இருந்தன. காலனிலேயே இரண்டு வகை: இங்கிலாந்துக் காலன் 4.546 லிட்டர், அமெரிக்கக் காலன் 3.785 லிட்டர். இறக்குமதிப் பம்பின் தாளைப் பார்த்து டீக்கடைப் பெரியவருக்குப் பதில் சொன்னால் ஆறில் ஒரு பங்கு தண்ணீர் காற்றிலேயே போய்விடும். ஆனால் எந்தப் பட்டியலிலும் இஞ்சு இல்லை.

இல்லாததை நானே உண்டாக்கினேன். மாமாவின் போர் மூன்று இஞ்சு. அவர் மோட்டார் நிமிடத்துக்கு 130 லிட்டர் அடிக்கிறது, பன்னிரண்டு வருடமாகத் தடையில்லாமல். மூன்றுக்கு 130 என்றால் இரண்டே காலுக்கு எவ்வளவு? ஆறாம் வகுப்புக் கணக்கு. முக்கால் பங்கு. 97 சொச்சம், 100 என்று வைத்துக்கொள்ளலாம். கடைக்காரர் என் கணக்கைப் பார்த்து, சரிதானுங்க என்றார். நிமிடத்துக்கு நூறு லிட்டர் மோட்டார் வாங்கினேன். அதற்கு ஏற்றாற்போல 180 தென்னைக்கு ஒரே வால்வில் சொட்டுநீர் போட்டேன். மரத்துக்கு நாலு டிரிப்பர், ஒவ்வொன்றும் மணிக்கு 8 லிட்டர். ஆக மரத்துக்கு 32, மொத்தம் மணிக்கு 5,760, அதாவது நிமிடத்துக்கு 96 லிட்டர். என்ன பொருத்தம்! தாளில் எழுதிப் பார்த்து நானே மெச்சிக்கொண்டேன்.

மோட்டாரை ஓடவிட்ட அன்று முதல் ஐம்பது நிமிடம் யானையாட்டம் அடித்தது. அம்மா தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, “உங்கய்யன் இருந்திருந்தா” என்று ஆரம்பித்தார். முடிப்பதற்குள் குழாய் இருமியது. காற்றும் தண்ணீருமாகக் கொப்பளித்தது, நின்றது, மறுபடி ஒரு வாய் கக்கியது. பேனல் போர்டு தானாக மோட்டாரை நிறுத்திக்கொண்டது. அரைமணி கழித்துப் போட்டால் கால்மணி ஓடியது. மறுநாளும் இதே கதை. போர் வண்டிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார்கள் சிலர். ஊற்று அடைத்துக்கொண்டது என்றார்கள் சிலர். மோட்டாரை மேலே தூக்கி இன்னொரு தடவை கம்ப்ரஸர் ஊத வேண்டும், அதற்கு இவ்வளவு ஆகும் என்று ஒருவர் விலையே சொல்லிவிட்டார். எனக்குள் அரித்தது வேறு. என் கணக்கில் தப்பு எங்கே?

வாய்க்கால் பாலத்தில்

எங்கள் காடு கீழ்பவானி வாய்க்காலுக்கு மேல்புறம். இதைப் படிக்கும் ஈரோட்டுக்காரர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. வாய்க்கால் கண்முன்னே கரை தொட்டு ஓடும், ஆனால் பாய்வதெல்லாம் கீழ்ப்புறம். மேல்புறத்துக்காரனுக்குக் கிடைப்பது கசிவும் காட்சியும்தான். வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுவதா வேண்டாமா என்று ஊர் இரண்டுபட்டபோது இந்தக் கசிவுதான் நடுவில் நின்றது; அந்தச் சண்டைக்குள் இப்போது போகவில்லை.

பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார். மதகு திறப்பது, அடைப்பது, கரை பார்ப்பது, நீர்மட்டம் குறிப்பது என்று முப்பது வருடம் வாய்க்கால் ஓரமாகவே வாழ்ந்தவர். அவரிடம் என் கணக்கைக் காட்டி, “அய்யா, இதுல எங்கீங்க தப்பு?” என்றேன். தாளைக் கையில் வாங்கவே இல்லை. “வா தம்பி” என்று பாலத்துக்குக் கூட்டிப் போனார். பாலத்தின் காலில் வெள்ளை பெயிண்ட் அடித்து, கறுப்பில் அடிக்கணக்குக் கோடுகள் போட்டிருந்தார்கள். தண்ணீர் நின்ற கோட்டைக் காட்டிக் கேட்டார்: “வாய்க்கால்ல இத்தன கனஅடி போகுதுன்னு பேப்பர்ல போடுறாங்கல்ல? அந்தக் கனஅடி இதுல எங்க எழுதியிருக்குது, பாத்துச் சொல்லு.”

எழுதியிருக்கவில்லை. வெறும் அடியும் அதன் பின்னங்களும்தான்.

“நான் பாக்கறது உசரம். அந்த உசரத்தப் போன்ல சொல்லுவேன். ஆபீஸ்ல ஒரு டேபிள் இருக்கும். இந்த உசரத்துக்கு இத்தன கனஅடின்னு அதுல போட்டிருக்கும். தண்ணிய யாரு தம்பி அளந்தா? அளக்கறது உசரத்த.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “உசரம் அரை அடி ஏறுனா தண்ணியும் அதே கணக்குல ஏறும்னு நெனச்சுப்போடாத. கீழ ஏறற அரை அடி வேற, மேல ஏறற அரை அடி வேற” என்றார்.

பாலத்தின் மேல் நின்றபடி என் மூன்று மாதக் குழப்பம் கலைந்தது. போர் வண்டி மேஸ்திரி தண்ணீரின் அளவைச் சொல்லவே இல்லை. முக்கோண வாயின் அடிநுனியிலிருந்து தேங்கிய தண்ணீரின் உயரத்தைச் சொன்னார். லஸ்கர் செய்த அதே வேலை. வாய்க்காலுக்கு ஆபீசில் டேபிள் இருந்தது. எங்கள் காட்டுக்கு இல்லை. டேபிள் இல்லாத இடத்தில் நான் ஆறாம் வகுப்பு விகிதக் கணக்கைச் செருகிவிட்டேன். மேஸ்திரி அறியாமையில் இஞ்சு சொல்கிறார் என்று நினைத்தது என் அறியாமை.

அந்தத் தகரத்துக்குப் பெயர் வி-நாட்ச். வாய் செங்கோணமாக, அதாவது 90 பாகையில் வெட்டப்பட்டிருந்தால் அதற்கென்று ஒரு சூத்திரம் உண்டு: உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் இரண்டரை அடுக்கை 1.38 ஆல் பெருக்கினால் விநாடிக்கு இத்தனை கனமீட்டர் என்று கிடைக்கும். இரண்டரை அடுக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் சூத்திரமே தேவைப்படாது. முக்கோண வாயில் தண்ணீர் இரட்டிப்பு உயரம் நின்றால் மேலே அதன் அகலமும் இரட்டிக்கிறது. ஆக வழியும் பரப்பு நாலு மடங்கு. உயரம் கூடும்போது தள்ளும் வேகமும் கூடுகிறது, இரண்டின் வர்க்கமூலம், ஏறக்குறைய 1.4 மடங்கு. நாலும் ஒன்று புள்ளி நாலும் பெருகி ஐந்தரை மடங்குக்கு மேல் போய்விடுகிறது. ஒரு இஞ்சுத் தண்ணீர் நிமிடத்துக்கு எட்டரை லிட்டர்தான். இரண்டு இஞ்சு அதைப்போல் இரு மடங்கான 17 அல்ல, 48. மாமாவின் மூன்று இஞ்சு 133. அவர் மோட்டாரோடு அச்சாகப் பொருந்துகிறது. எங்கள் இரண்டே கால் இஞ்சு வெறும் 65. அளவுகோலில் முக்கால் இஞ்சு வித்தியாசம், தண்ணீரில் பாதிக்குப் பாதி. நான் 65 லிட்டர் ஊறும் போரிலிருந்து 100 லிட்டர் இழுத்துக்கொண்டிருந்தேன்.

முதல் ஐம்பது நிமிடம் எப்படி ஓடியது என்பதும் அதோடு விளங்கியது. ஆறரை இஞ்சுத் துளையில் ஒரு அடிக்கு ஆறரை லிட்டர் நிற்கும் (இந்தப் பொருத்தம் தற்செயல்தான், ஆனால் மறக்காது). எங்கள் மோட்டார் 600 அடியில் தொங்குகிறது, தண்ணீர் 300 அடியில் நின்றது. நடுவில் 300 அடித் தண்ணீர், 1,950 லிட்டர். ஊற்றுக்கு மேல் நான் நிமிடத்துக்கு 35 லிட்டர் கூடுதலாக இழுத்தேன். வகுத்துப் பாருங்கள், ஐம்பத்தைந்து நிமிடம் வரும். யானையாட்டம் அடித்ததெல்லாம் ஊற்று அல்ல, துளைக்குள் நின்ற சேமிப்பு. சம்பளத்துக்கு மேல் செலவு செய்பவன் முதல் மாதம் மட்டும் வசதியாகத் தெரிவதுபோல.

இதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. எல்லோரும் சொல்லும் இஞ்சு ஒரே இஞ்சு இல்லை. சிலர் வி-நாட்சில் நிற்கும் உயரத்தைச் சொல்கிறார்கள். சிலர் இரண்டு இஞ்சுக் குழாய் நிறைய வந்தால் அது இரண்டு இஞ்சுத் தண்ணீர் என்கிறார்கள். சிலர் எதையும் நடாமல், கண்ணால் பார்த்தே கால் இஞ்சு துல்லியத்துக்குச் சொல்லிவிடுகிறார்கள். அவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. துளையின் அளவும் இஞ்சு, குழாயும் இஞ்சு, தண்ணீரும் இஞ்சு. “ஆறரை இஞ்சு போர்ல ரெண்டு இஞ்சு பைப்புல ரெண்டே கால் இஞ்சு தண்ணி” என்று ஒரே மூச்சில் என்னிடம் சொன்னவர் உண்டு. மூன்றும் மூன்று வேறு பொருள்.

விநாடியை விழுங்கிய சொல்

இஞ்சில் சூடுபட்ட பிறகு செய்தித்தாளில் கனஅடியைப் பார்த்தாலும் சந்தேகம் வந்துவிட்டது. கனஅடி என்பது கொள்ளளவு, ஒரு அடிக்கு ஒரு அடிக்கு ஒரு அடிப் பெட்டி, 28.3 லிட்டர். கியூசெக் என்பது ஓட்டம். விநாடிக்கு ஒரு கனஅடி. அந்தச் சொல்லின் வாலில் ஒட்டியிருக்கும் ‘செக்’தான் விநாடி. தமிழில் அந்த வால் இல்லாததால் ‘விநாடிக்கு இத்தனை கனஅடி’ என்று முழுசாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்னால் சரி. தலைப்பில் இடமில்லை என்று விநாடியை வெட்டிவிட்டு ‘அணையிலிருந்து 2,000 கனஅடி திறப்பு’ என்று போடுகிறார்கள். போகட்டும், பழகிவிட்டது. என்னை உறுத்துவது அதைவிடப் பெரிய இடத்தில் நடந்தது. 2016 செப்டம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்குக் காவிரியில் பத்து நாள் தண்ணீர் விடச் சொன்னபோது, உத்தரவிலேயே ‘நாளொன்றுக்கு 15,000 கியூசெக்’ என்றுதான் இருந்தது. உள்ளே ஏற்கெனவே விநாடி இருக்கிறது, மேலே ஒரு நாளும் ஏறி உட்கார்ந்துகொண்டது. சம்பந்தப்பட்ட பொறியாளர்களுக்கு அதன் பொருள் தெரியும். நாள் முழுக்க விநாடிக்கு 15,000 வீதம், ஒரு நாளில் ஏறக்குறைய 1.3 டிஎம்சி, பத்து நாளில் கிட்டத்தட்ட 13 டிஎம்சி. ஆனால் அதைக் கேட்டு ஒரு சாதாரண ஆள் ‘நாளொன்றுக்கு 15,000 கனஅடி’ என்று எழுதினால், நாலேகால் லட்சம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் முப்பத்தைந்து நடை. காவிரி நடுவர் மன்றம் வரை போய்ப் பேசிய தண்ணீரை ஒரு லாரி கம்பெனி மதியத்துக்குள் கொண்டுவந்து இறக்கிவிடும். வித்தியாசம் 86,400 மடங்கு, ஒரு நாளில் எத்தனை விநாடியோ அத்தனை.

கனஅடிக்கும் டிஎம்சிக்கும் நடுவில் நிற்பதும் அந்த 86,400தான். டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி. விநாடிக்கு 11,574 கனஅடி வீதம் இரவு பகலாக ஒரு நாள் ஓடினால் ஒரு டிஎம்சி. டிவி விவாதங்களில் ஒருவர் கனஅடியில் பேசுவார், எதிரில் இருப்பவர் டிஎம்சியில் பதில் சொல்வார். ஒருவர் ஓட்டத்தைச் சொல்கிறார், மற்றவர் சேர்ந்ததைச் சொல்கிறார். எத்தனை நாள் என்று யாராவது கேட்டால் பாதிச் சண்டை நின்றுவிடும். யாரும் கேட்பதில்லை.

எங்கள் வாய்க்காலுக்கே இதில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. ஆகஸ்ட் 15 வாக்கில் பவானிசாகரில் தண்ணீர் திறக்கும்போது வரும் அரசு அறிவிப்பைக் கவனித்திருப்பீர்கள்: 1,03,500 ஏக்கருக்கு, 120 நாளுக்கு, ‘23,846.40 மில்லியன் கனஅடிக்கு மிகாமல்’. இந்தப் புள்ளி நாற்பதைப் பார்த்து நான் பல வருடம் மலைத்திருக்கிறேன். அணையில் யாரோ துல்லியமாக அளந்து, பயிர்த் தேவையைக் கூட்டிக் கழித்து, தசமம் வரை கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நம்பினேன். பாலத்திலிருந்து திரும்பி வந்த அன்று ராத்திரி கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். வாய்க்காலின் கொள்திறன் விநாடிக்கு 2,300 கனஅடி. 2,300 பெருக்கல் 86,400 பெருக்கல் 120. அச்சு அசலாக 23,846.40 மில்லியன். துல்லியமாக யாரும் எதையும் அளக்கவில்லை. 2,300 என்ற முழு எண்ணைப் பெருக்கினதில் தானாக முளைத்த தசமம் அது. ஒருவிதத்தில் ஏமாற்றமாக இருந்தது, இன்னொரு விதத்தில் நிம்மதியாகவும் இருந்தது.

அதே சூட்டில் இன்னொன்றும் போட்டுப் பார்த்தேன். விநாடிக்கு ஒரு கனஅடி என்பது நிமிடத்துக்கு 1,699 லிட்டர். என் போர் அதில் இருபத்தாறில் ஒரு பங்கு. வாய்க்கால் நிறைய ஓடும்போது எங்கள் வீட்டு வாசலைத் தாண்டிப் போவது இதுபோல அறுபதாயிரம் போர்த் தண்ணீர். இதை அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது.

இருநூறு லிட்டர் பேரல்

சூத்திரத்தை நம்பியாயிற்று, ஆனாலும் தகரம் சரியாகச் செங்கோணத்தில்தான் வெட்டியிருந்ததா, மேஸ்திரி ஸ்கேலைச் சாயாமல் பிடித்தாரா என்பதெல்லாம் யாருக்குத் தெரியும்? லஸ்கரய்யாவின் யோசனைப்படி நீலப் பேரல் ஒன்று வாங்கினேன். அதிலும் இருநூறு என்று அச்சடித்திருப்பதை நம்பாமல், இருபது லிட்டர் தண்ணீர் கேனைப் பத்து முறை ஊற்றி உள்ளே கோடு போட்டேன். டெலிவரிக் குழாயை அதில் விட்டு, கேட் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, பேரல் நிறைய மூன்று நிமிடம் ஐந்து விநாடி ஆகும்படி நிறுத்தினேன். அது நிமிடத்துக்கு 65. அப்படியே மோட்டாரை மூன்று மணிநேரம் ஓடவிட்டு, குழாயடியிலேயே உட்கார்ந்திருந்தேன். இருமவில்லை. சொட்டுநீரை இரண்டு வால்வாகப் பிரித்தோம், தொண்ணூறு மரம் தொண்ணூறு மரமாக. மும்முனைக் கரண்ட் வரும் நேரத்தைப் பாதி பாதியாகப் பங்கு வைத்தாயிற்று. பெரிய மோட்டாருக்குக் கொடுத்த கூடுதல் காசு மட்டும் திரும்பவில்லை.

அம்மாவுக்கு இந்த லிட்டர் கணக்கெல்லாம் வேண்டியதில்லை. மாடு கட்டிக் கிணற்றில் நீர் இறைக்கும் கவலை ஓட்டிய வீட்டில் பிறந்தவர். அவர் கணக்கு எப்போதும் பாத்தியில்தான்: ஒரு மணிநேரத்தில் எத்தனை பாத்தி பாயும். இப்போது சொட்டுநீரில் பாத்தியே இல்லை என்பதால் மாட்டுத் தொட்டிக்கு மாறிவிட்டார். கருக்கலில் மோட்டார் போட்டால் பால் கறந்து முடிப்பதற்குள் தொட்டி நிறைய வேண்டும். நிறைகிறது. என்னைவிடச் சுலபமாக ஓட்டத்தை அளக்கிறார்.

போன வாரம் மாமா வந்து, “அந்தப் பேரல நம்ம கெணத்து மேட்டுக்கும் எடுத்துட்டு வா மாப்ளே, என்னதான் வருதுன்னு பாப்போம்” என்றார். கொண்டுபோனோம். ஒன்றரை நிமிடத்தில் நிறைய வேண்டிய பேரலுக்கு ஒரு நிமிடம் ஐம்பது விநாடி ஆனது. மாமா நம்பாமல் இரண்டாம் முறை தன் கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தார். அதே ஒன்று ஐம்பது. நிமிடத்துக்கு 109. பன்னிரண்டு வருடத்தில் தண்ணீர்மட்டம் இறங்கிவிட்டிருக்க வேண்டும், ஆழத்திலிருந்து தூக்க மோட்டார் திணறுகிறது, அதனால் குறைவாக வருகிறது என்று சொன்னேன். மாமா ஒன்றும் பேசவில்லை. மோட்டார் ரூம் சுவரில் கரியால் எழுதியிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்: போர் போட்ட தேதி, அடி, அதன் கீழே ‘3 இஞ்சு’. பிறகு பேரலைச் சாய்த்துத் தண்ணீரை வாழைக்குக் கொட்டிவிட்டு, “மூணு இஞ்சுதான் மாப்ளே. உம்பட பேரல் பெருசு” என்றார்.